சர்வோவுக்குத் தனி மின்சாரம்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னதை மறக்கவும் இல்லை. "இவரை ஒரு பராமரிப்பு இல்லத்துல விட்டுட்டு நீ என்கூட வந்துடு" என்றாய். அன்றோடு பேச்சை நிறுத்தியவள், இன்று உனக்கே எழுத வேண்டியிருக்கிறது. இதில் உன்னைப்போல் விவரம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு உன் மாப்பிள்ளையின் வலது கை மடியிலேயே கிடக்கிறது. அத்தனை வருஷம் கிரேன் ஓட்டிய கை. பிசியோதெரபியில் கொடுத்த ரப்பர் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் பாறைமேல் ஏற்றி விளையாடுவீர்களே, அந்த ரிமோட் வண்டி, அதை மட்டும் விடவில்லை. பின்னறையில் கற்களை அடுக்கித் தரச் சொன்னார். ரிமோட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு அதன் சக்கரத்தை வலது கையால் திருப்பப் பார்க்கிறார். அந்த ஒரு பயிற்சிதான் நடக்கிறது.

இப்போது அதற்கும் வினை வந்துவிட்டது. கல்லிடுக்கில் மாட்டினால் வண்டியின் முன்சக்கரம் திரும்புவதில்லை. உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. அவர் வண்டியைக் குறை சொல்வதில்லை. "கை வரலை" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார். மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் கைக்குச் சோதனை இருக்கிறது. சொன்னபடி கை அசையாவிட்டால் பிசியோதெரபியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். சக்கரத்தைத் திருப்பும் அந்தச் சின்ன மோட்டார், நீ சர்வோ என்பாயே, அதில் எதை வாங்க வேண்டும்? அதை மட்டும் எழுது.

உன் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

கட்டளை வந்தது. கீழ்ப்படிகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதே. அது பந்தய வண்டிக்கு. பாறை ஏறும் வண்டிக்குத் திருப்பும் பலம்தான் முக்கியம். அதைக் கிலோவில் எழுதியிருப்பான். இருபத்தைந்துக்குக் குறையாமல் பார். உள்ளே பல்சக்கரங்கள் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் என்றால் முதல் கல்லிலேயே பல் கொட்டிவிடும். அதன் தலையில் மாட்டும் சின்னக் கையையும் உலோகத்திலேயே கேள். பழைய சர்வோவைக் கையோடு எடுத்துப் போ, உடம்பளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

இல்லத்தில் ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோபப்படாமல் யோசி. நாளைக்கு உன் முதுகும் போய்விட்டால் உங்கள் இருவரையும் யார் தூக்குவது? மாப்பிள்ளையை நான் வெறுக்கவில்லை. உன்னைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

அண்ணன்

மார்ச் 17

அண்ணாவுக்கு,

நீ சொன்னதையே வாங்கி நானே மாட்டினேன். வண்டியை ஒரு டப்பாமேல் தூக்கி வைத்துப் பார்த்தபோது முன்சக்கரங்கள் சட்சட்டென்று திரும்பின. அவர்கூடச் சிரித்தார். "உங்க அண்ணனுக்கு மோட்டார் மட்டும் நல்லா பார்க்கத் தெரியும்" என்றார்.

பிறகு கல்லில் இறக்கினோம். இடுக்கில் வைத்து அவர் ரிமோட் சக்கரத்தைத் திருப்பியதும் வண்டியே செத்துவிட்டது. விளக்குகூட அணைந்துபோனது. ஒரு நொடியில் தானே உயிர் வந்தது. மறுபடி திருப்பினார், மறுபடி செத்தது. நான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன், தரவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வண்டி நல்லாதான் இருக்கு. நான் தொட்டாதான் சாகுது."

அதன்பின் பின்னறைக்கே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாங்குகிறார். எனக்கு வழி தெரியவில்லை அண்ணா. சீக்கிரம் எழுது.

தங்கை

மார்ச் 20

தங்கச்சி,

தப்பு அவர் கையில் இல்லை, என் கடிதத்தில். முதலில் போய் அதை அவரிடம் சொல்.

பெரிய சர்வோவுக்குப் பசி அதிகம். பேட்டரியிலிருந்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்த வண்டியின் ஸ்பீடு கன்ட்ரோல் சர்வோவுக்குத் தருவது மூன்று ஆம்பியர்தான். சக்கரம் காற்றில் இருக்கும்போது அது போதும். அதனால்தான் டப்பாமேல் நன்றாக ஓடியது. கல்லில் முட்டியதும் சர்வோ அதற்கு மேல் இழுக்கிறது, ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவர் மின்சாரம் இல்லாமல் மயங்கி விழுகிறது.

இத்துடன் ஒரு பெக் அனுப்பியிருக்கிறேன். பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்து, சர்வோவுக்கு வேண்டிய ஆம்பியரைத் தனியாகத் தரும் சின்னப் பெட்டி. சர்வோ அட்டையில் 7.4 வோல்ட் தாங்கும் என்று இருக்கிறதா பார்த்து, பெக்கை முதலில் அந்த அளவுக்கு வைத்துக்கொள். அதை நேரே பேட்டரியோடு சேர். சர்வோவின் சிவப்பு ஒயரை ரிசீவரிலிருந்து எடுத்து பெக்கில் கொடு. கறுப்பு இரண்டிலும் இருக்க வேண்டும். மூன்றாவது ஒயரைத் தொடாதே. சக்கரம் முழுக்கத் திரும்பிய பிறகும் சர்வோ முனகினால் ரிமோட்டில் சக்கரம் திரும்பும் எல்லையைக் குறை. இல்லாவிட்டால் எரிந்துபோகும்.

இன்னொன்று. கை கொஞ்சம் அசைந்தாலே வண்டிச் சக்கரம் நிறையத் திரும்பும்படி ரிமோட்டில் மாற்றி வைக்கலாம். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் சொல்லாதே. சோதனைவரை மனுஷன் தைரியமாக இருக்கட்டும்.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெக்கை மாட்டினேன். தனித்தாளில் இருந்ததையும் செய்தேன். கெஞ்சிக் கூத்தாடி அவரைப் பின்னறைக்கு அழைத்து வந்தேன். கை லேசாக அசைந்தது, வண்டிச் சக்கரம் முழுதாகத் திரும்பியது. நான் கைதட்டப் போனேன். அவர் சக்கரத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ தள்ளினதுக்கு அவ்ளோ போனா, கீழ நிக்கிறவன் செத்துடுவான். யாரு இதை மாத்தினது?" என்றார்.

கிரேன் நெம்புகோலோடு வாழ்ந்தவரை ஏமாற்றலாம் என்று நினைத்தோம் பார், நாம் இருவரும். நான் அழுதேன். பழையபடி மாற்றித் தரச் சொன்னார், தந்தேன். மறுபடி திருப்பினார். சக்கரம் கால்வாசிதான் போனது. ஆனால் கல்லை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றது, சாகவில்லை. "இதுதான் என்னோடது" என்றார்.

சோதனையில் அது போதவில்லை. விரலால் பிடித்துக் காட்டச் சொன்னார்கள், வரவில்லை. இடம் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நின்றேன். இனி யார் சொல்லித் தருவார்கள், எத்தனை நாள் நான் ஒருத்தி தாங்குவேன், எதுவும் தெரியவில்லை. தைரியம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

ஆனாலும் அந்த இல்லத்தில் சொல்லி வைத்த இடத்தை விட்டுவிடு. விட்டுவிட்டு வா. அதற்கு முன் வராதே. "மச்சான் வந்தா தன் வண்டியையும் எடுத்து வரட்டும், தோற்கடிக்க என் இடது கையே போதும்" என்று இவர் உன்னிடம் சொல்லச் சொன்னார்.

இதை எழுதும்போது பின்னறையில் வண்டி கல்லிலிருந்து கவிழ்ந்த சத்தம் கேட்டது. எழுந்து போகலாமா என்று பார்த்தேன். போகவில்லை. வெகுநேரம் சத்தமே இல்லை. இப்போது மோட்டார் மறுபடி ஓடுகிறது.

தங்கை