நகரக் கூடாத புள்ளிகள்

மார்ச் 3, காலை 7.40
நிலா நிலையம், குளிர் ஆய்வறை. எழுதுவது பகவதி. அடுத்த குழு வரும்வரை இங்கே நான் ஒருத்திதான். சூரியப் புயல் நாளை மதியம் வந்து சேரும். அதன் கதிர்வீச்சைத் தடுக்க, நிலையத்தின் சுவருக்குள் மின்தடையே இல்லாத ஒரு மீகடத்தி நாடாச் சுருள் ஓடுகிறது. அதே நாடாவில் வெட்டிய ஒரு துண்டு என் நுண்ணோக்கியில் இருக்கிறது. அணு அளவு கூரான ஊசி அதன்மேல் ஊர்ந்து, உள்ளே இருக்கும் காந்தச் சுழல்களைப் படமெடுக்கும். திரையில் ஒவ்வொரு சுழலும் ஒரு புள்ளி. புள்ளிகள் அசையாமல் நின்றால் சுருள் முழு மின்னோட்டத்தைத் தாங்கும். நகர்ந்தால் சூடேறிச் சுவரோடு வெடிக்கும்.

முதல் படத்தில் புள்ளிகளெல்லாம் இழுபட்டுக் கிடக்கின்றன. ஊசி மழுங்கியிருக்கும். மாற்றுகிறேன்.

பிற்பகல் 2.15
ஊசி மாற்றியாயிற்று. அதே இழவுதான். அதிர்வோ என்று காற்றோட்ட மோட்டாரையும் நிறுத்தினேன். வியர்த்து ஊற்றுகிறது. இப்போது படம் தெளிவு. புள்ளிகள் வரிசை கலைந்து ஒரே பக்கமாக நகர்கின்றன! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. தரைக்கு, பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு, சொல்லிவிட்டேன்.

மாலை 5.30
தரையில் கருவிப் பொறுப்பாளர் இன்னாசி:

“மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. ஏவுறதுக்கு முன்னால ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம்லா? அந்த மைக்ராஸ்கோப் தட்டுக்கு அடியிலயும் வச்சேன். கடைக் குங்குமம், இரும்புச் சாயம் கலந்திருக்கும். அதான் புள்ளிய இழுக்கு. தொடச்சிட்டுப் பாருங்க.”

தட்டைத் திருப்பினேன். அழகாக, வட்டமாக ஒரு பொட்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், ஆயுத பூஜை என்றால் முதல் ஆளாக நிற்பார். ஒரு நாள் வேலை பாழ். வாய்க்கு வந்தபடி திட்டினேன், யாருக்குக் கேட்கப்போகிறது. துடைத்துவிட்டேன்.

மார்ச் 4, காலை 6.50
புள்ளிகள் ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. ‘சுருள் தாங்கும்’ என்று அனுப்பினேன். தரை முழு மின்னோட்டத்துக்கு உத்தரவு ஏற்றிவிட்டது; புயல் நெருங்கும்போது அது தானாகப் படிப்படியாக ஏறும். புயல் முடியும்வரை விசை அவர்கள் கையில், இங்கே விசைப் பெட்டிக்குப் பூட்டு. அப்பாடா! காபி போடப் போகிறேன்.

காலை 9.20
காபி பாதியில் ஆறிக் கிடக்கிறது. ‘எல்லாத்துக்கும்’ என்றுதானே சொன்னார்?

கேட்டு அனுப்பியிருக்கிறேன். ரேடியோவில் இரைச்சல், பதிலைக் காணோம். துடைத்த துணியில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துண்டின் அடியில் மறுபடி தடவி, மின்னோட்டத்தை ஏற்றிப் பார்த்தேன். அறுபது சதவீதத்தில் புள்ளிகள் கிளம்பிவிடுகின்றன.

காலை 11.45
இன்னாசி, விட்டுவிட்டு:

“சுருளுக்கா மேடம்? பின்ன? உங்க உயிரக் காக்கப் போறது அதுதான்லா… செவரு மூடுறதுக்கு முன்னால சுத்திச் சுத்தி வச்சேன், ஒரு எடம் விடல… ஏன் மேடம்?”

மின்னோட்டத்தை ஐம்பது சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். இரைச்சல்தான் வருகிறது. விசைப் பெட்டியைச் சுத்தியலால் அடித்தேன். சனியன் பிடித்த பூட்டு அசையவில்லை.

மதியம் 12.05
சுருளில் மின்னோட்டம் ஐம்பத்திரண்டு. குங்குமம் தடவிய துண்டுக்கும் அதே அளவு கொடுத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய?

இதைக் கண்டெடுப்பவருக்கு: என்னைக் கொன்றது சூரியன் இல்லை. அடுத்த நிலையத்தில் சுவரை மூடும் முன் சுருளைத் துடைத்துவிடுங்கள். இன்னாசியைத் திட்டாதீர்கள், அவர் என்மேல் உள்ள பாசத்தில் வைத்தது. எனக்குச் சாக விருப்பமில்லை. கோபம் கோபமாக வருகிறது.

12.09
ஐம்பத்தொன்பது. புள்ளிகள் இன்னும் நிற்கின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும்