பிள்ளைக்கு ஏலாதாம்

அம்மா,

கடற்கரை ஊரான சல்லியில் உங்கள் கம்பளித் தொப்பிக்கு ஒரு வேலையும் இல்லை. இன்று அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்து உதறினேன். நீங்கள் நெஞ்சில் பூசும் தைலத்தின் மணம் இன்னும் அதில் இருக்கிறது. அந்த மணத்தோடு உங்கள் மூச்சு இழுக்கும் சத்தமும் வந்துவிட்டது.

வருகிற கிழமை சிவனொளிபாத மலைக்கு வான் வண்டி போகிறது. முன்வீட்டு மாமாதான் இந்த முறையும் ஆள் சேர்க்கிறார்.

நாம் இருவரும் போன அந்த முறை, உங்களுக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் இருப்பது வானில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஏற்றமாட்டார்கள் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். மூச்சுக்கு அடிக்கும் பம் என் பைக்குள் இருந்தது. சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் மலை ஏறுவதாக நேர்ந்திருந்தீர்கள். நான் பிழைத்தேன், பள்ளிக்கூடம் போனேன். உங்களுக்கு முட்டுக் கூடியதும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கருவாடு காயவைக்க வந்தேன். நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது.

வழியில் கினிகத்தேனையில் ஒரு கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். மாமா அங்கேதான் தன் திட்டத்தைச் சொன்னார். இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறுவதாம், அது பழைய பாதை, புண்ணியம் கூடவாம். எங்களை இறக்கிவிட்டு வான் சுற்றிப்போய் மறுபக்கம் நல்லதண்ணியில் நிற்குமாம். எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்களும் ஆட்டினீர்கள்.

இரத்தினபுரிப் பக்கம் நீளம், செங்குத்து. பாதி வழியில் உங்களுக்கு இழுத்தால் திரும்பி வர கீழே வான் இராது. உச்சியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நல்லதண்ணிப் பக்கம் என்றால் படி, கைபிடிக் கம்பி, இடைக்கிடை கடை. எந்த இடத்திலும் திரும்பலாம்.

பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது என் குரல் ரீச்சருக்குக் கேட்காமல், வந்த நாளிலும் வராதவள் ஆகியிருக்கிறேன். அன்று அத்தனை பேருக்கும் நடுவில் வாயைத் திறந்தேன்.

"மாமா, எனக்கு அந்தப் பக்கத்தால ஏலாது."

"கொம்மாவே ஏறுறா, உனக்கு ஏலாதோ? கருவாடு மாதிரி இருக்கிறாய், காத்தே தூக்கிக்கொண்டு போய் மேல விடும்."

கடையே சிரித்தது. எனக்குப் பயம், ஏலாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறொன்றும் சொல்லச் சத்தியம் விடவில்லை. நீங்களும் என்னைப் பேசினீர்கள், இப்படியொரு பயந்தாங்கொள்ளியைப் பெற்றேனே என்று. ஆனால் மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். கடைசியில் மாமா, இவளுக்காக நல்லதண்ணிக்கே போவோம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

காலையில் ஏறத் தொடங்கினோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, போகிறவர்களுக்குக் கேட்கும்படி, "பிள்ளைக்கு ஏலாதாம், கொஞ்சம் இருப்பம்" என்பீர்கள். ஒரு சிங்கள அம்மா பாவம் பார்த்து எனக்கு குளுக்கோஸ் தந்தார். அதைச் சாப்பிட்டது நீங்கள்.

கம்பியைப் பிடித்து ஏறும் படிகள் தொடங்கிய பிறகு உங்களுக்கு மூச்சிழுத்துக் கதை நின்றுவிட்டது. பனிப்புகார் மூடியிருந்தது. உதடு கறுத்து வந்தது. பம்மைக் குலுக்கிப் பார்த்தேன், பாரமே இல்லை. நீங்கள் அதைப் பார்க்காதது போல அடுத்த படிக்குக் கால் வைத்தீர்கள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, எனக்கு ஏலாது."

கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் அதைத்தான் சொன்னேன். புகாருக்குள் தெரியாத உச்சியை நீங்கள் நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு அந்தப் படியிலேயே கற்பூரத்தை வைத்தீர்கள். காற்றில் அணையாமல் நான் உங்கள் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தேன்.

"பிள்ளைக்கு ஏலாதாம்," என்று மலையிடம் சொன்னீர்கள். "நேத்தியை இதில வைக்கிறன். நீதான் குனிஞ்சு எடுக்கோணும்."

இறங்கும்போது உங்கள் பாரம் முழுக்க என் தோளில் இருந்தது. ஒவ்வொரு மூச்சும் வந்த பிறகே அடுத்த படி. அடுத்தது வராதோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினேன். கீழே வான் நின்றது. அதன் வெள்ளை நிறத்தைக் கண்டபோதுதான் அழுதேன்.

போன மாரிக் காலத்தில் முட்டு உங்களைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டில் மாமா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "அந்த மனுசி உச்சியைப் பாக்காமலே போயிட்டுது, இவளால." நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் செய்த சத்தியம் அப்போதும் என் தலையில் இருந்தது.

நேற்று மாமா படலைக் கதவடியில் நின்று கேட்டார், மகாராணி இந்த முறை எந்தப் பக்கத்தால் ஏறுவா என்று. நல்லதண்ணி என்றேன்.

"இப்பவும் ஏலாதோ?"

"ஓம் மாமா."

எனக்கு ஏற ஏலும், அம்மா. உச்சிவரை போவேன். ஆனால் கற்பூரம் வைத்த அந்தப் படியில், உங்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் இருப்பேன். ஏன் இருக்கிறாய் பிள்ளை என்று போகிறவர்கள் யாராவது கேட்டால், கேட்கும்படியாகவே சொல்வேன்.

"அம்மாவுக்கு ஏலாதாம்."