எறும்பு விதைத்த சவுக்கு

28 ஜனவரி 1958, செவ்வாய். பிள்ளைச்சாவடி.

சவுக்கு விதைத்த பாத்தியைச் சுற்றி, மங்களமாக இருக்கட்டும் என்று என் மனைவி அரிசிமாவில் கோலம் போட்டிருந்தாள். மாவுக்கு வந்த எறும்பு விதையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு நாற்றுகூட முளைக்கவில்லை. அவளைக் கண்டபடி திட்டினேன்.

இன்று காலை, புதுச்சேரி மில்லுக்குக் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கூப்பிட்டார். நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

"உன் சவுக்கெல்லாம் என் பக்கத்து எறும்புப் புத்துல மொளச்சிக் கெடக்குதுடா. வந்து எடுத்துக்கினு போ."

ஊசி ஊசியாகப் பச்சை. மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு, இரண்டு பேரும் குந்தி மண்ணோடு பெயர்த்தோம். பாதியை அவரே நட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

"நாளைக்கும் கோலம் போடட்டா?" என்று இவள் சிரிக்கிறாள்.

"வேலிக்கு அந்தாண்டயும் சேத்துப் போடு" என்றேன்.