அக்காவின் மஞ்சள் விளக்கு

மார்ச் 4, திங்கள்

அக்காவோடு கடைக்குப் போய்த் திரும்பும்போது காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. அக்கா காரை ஓரங்கட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள், முகர்ந்தாள், சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாள், பிறகு நிதானமாகக் கையேட்டைப் புரட்டினாள்.

"நின்னு எரியுதுடி. விட்டு விட்டு எரிஞ்சாத்தான் உடனே நிறுத்தணுமாம். மெதுவாப் போகலாம்."

நான் வழியெல்லாம் இருக்கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5

அண்ணன் வந்து பானெட்டைத் திறந்தான். எல்லாம் தெரிந்தவன் போல் முறைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"இன்ஜின் போச்சு அக்கா. அத்தான் போனப்பவே வித்திருக்கணும். ஞாயித்துக்கிழமை வாங்கறதுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்."

கார் போனால் வேலையும் போகும். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சோதித்து விடியற்காலையில் குளத்தைத் திறக்க வேண்டியவள் அக்கா. அந்த நேரத்துக்கு பஸ் ஏது? அத்தான் இறந்தபிறகு அவளாகத் தேடிக்கொண்ட வேலை. அதில் சேர்ந்தபின்தான் பழையபடி வாய்விட்டுச் சிரிக்கிறாள். அது போய்விடக் கூடாது.

மார்ச் 6

மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்தார். பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறதாம். அக்கா நேராகப் பெட்ரோல் மூடியிடம் போனாள். மூடியோடு இருக்கும் வார் இடுக்கில் சிக்கி, மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது. அத்தான் இருந்தவரை அவள் பெட்ரோல் போட்டதே இல்லை. அதன்பிறகும் பங்க் ஆள்தான் போடுவார்; போன வாரம்தான் முதல் தடவை அவளே போட்டாள்.

"நான்தான் சரியா மூடல" என்றாள், பட்டென்று. வாரை ஒதுக்கி மூடியை இறுக்கினாள். நானாக இருந்தால் அந்த மூடியைச் செய்தவன் வரைக்கும் திட்டியிருப்பேன்.

"விளக்கை இந்தக் கருவியிலயே இப்பவே அணைச்சிடறேன்மா" என்றார் மெக்கானிக்.

"வேண்டாம்ப்பா. மூடினதாலதான் சரியாச்சான்னு எனக்குத் தெரியணும். தானா அணையட்டும்."

கோளாறு தீர்ந்திருந்தால் சில நாள் ஓட்டத்தில் தானே அணையுமாம். குளத்திலும் அவள் இப்படித்தான். குளோரினைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி சோதித்த பிறகுதான் அடுத்த வேலை.

சரி, அதோடு விட்டாளா? அண்ணனுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அணையலேன்னா நீ சொன்னபடி வித்துடலாம்" என்றாள். ஏன் இப்படி வாக்குக் கொடுத்துத் தொலைத்தாள்?

மார்ச் 7

எரிகிறது.

மார்ச் 8

எரிகிறது. அவளுக்குத் தெரியாமல் மெக்கானிக்கிடம் போய் விளக்கை அணைக்கச் சொன்னால் என்ன? — அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

மார்ச் 9, சனி

இன்னும் எரிகிறது. அக்கா காரிலிருந்த சாமான்களை எடுத்து வைத்தாள். அத்தானின் கறுப்புக் கண்ணாடி, கம்பி உடைந்த குடை.

"சொன்னா சொன்னதுதான்டி" என்றாள்.

நான்தான் அழுதேன். இவளுக்கு எங்கிருந்து வருகிறது இவ்வளவு நெஞ்சுரம்? ஒரே வயிற்றில் பிறந்த எனக்குத் துளிகூட வரவில்லையே!

மார்ச் 10

அக்கா வேலைக்குப் போய்விட்டு வந்தாள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். அண்ணன் ஆளைக் கூட்டி வந்தான். வந்தவர் காரைக் கிளப்பினார். மஞ்சள் விளக்கு இல்லை!

"பல்பைப் பிடுங்கிட்டியா அக்கா?" என்றான் அண்ணன்.

அக்கா சாவியை வாங்கி, இன்ஜினைக் கிளப்பாமல் திருப்பினாள். எல்லா விளக்கும் எரிந்தன, அந்த மஞ்சளும்தான். கிளப்பினாள். அணைந்தது.

"பல்பு நல்லாத்தான் இருக்குடா தம்பி."

வந்தவர் சிரித்துவிட்டார். "இவங்க ஓட்டற கார்னா நம்பி வாங்கலாமே. என்ன விலைம்மா?"

அக்கா சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போனபிறகு, எப்போது அணைந்தது என்று கேட்டேன். "காலையில போற வழியில. ஓரமா நிறுத்தி, நல்லா அழுதுட்டுத்தான் போனேன்" என்றாள். இந்த அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

ஏப்ரல் 21

அண்ணன் போன் செய்தான். என்னிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. "அக்காவைக் கூப்பிடு." நடுவழியில் அவன் காரில் மஞ்சள் விளக்காம்.

"நின்னு எரியுதா, விட்டு விட்டா?" என்று கேட்டாள் அக்கா. விட்டு விட்டுத்தானாம்.

"அப்ப ஓட்டாதடா. அங்கேயே இரு. நான் வரேன்."

கிளம்பிவிட்டாள், அவன் விற்கச் சொன்ன காரில்.