நீல விளக்கு எந்தப் பக்கம்?

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் கோபப்படுவாயோ என்று பயமாக இருக்கிறது. "போன்ல நீங்க மட்டும்தான் பேசறீங்க, இனிமே லெட்டர்தான்" என்று சொல்லிவிட்டு நீ ஊர் மாறிப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

ஏன் போனாய் என்று யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுக்கிறது. அடித்தேனா, குடித்தேனா? ஒன்றும் புரியாமல் ஒரு வேலையில் இறங்கிவிட்டேன். கல்யாணமான புதிதில் நாம் பார்த்த விண்வெளிப் படம் இருக்கிறதே, அதில் நாயகன் தன் கப்பலைக் கூப்பிட ஒரு கருவி வைத்திருப்பான். அதை அச்சு அசலாகச் செய்கிறேன். உன் பழைய ஹேர் டிரையர்தான் உடம்பு. முனையில் டீ வடிகட்டி, பொத்தான்களுக்கு ஷாம்பு மூடிகள். முடிந்ததும் உன் கையில் கொண்டுவந்து கொடுப்பேன்.

ஒரே சந்தேகம். அதில் விளக்கு என்ன நிறம், எந்தப் பக்கம்? தம்பி இணையத்தில் தேடித் தருகிறேன் என்றான். அண்ணிக்கு ஞாபகம் இருக்கும், அவளையே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் கண்ணாடிக்கடைக்காரன்

மார்ச் 11

ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்ப்பவருக்கு,

நலம். வடிகட்டியை எடுத்துவிட்டால் டீயை எதில் வடிகட்டுகிறீர்கள்?

இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னை நிரந்தரமாக்குகிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூன்று வருஷம் இங்கேதான். போடுவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. நீங்களானால் விளக்கு என்ன நிறம் என்கிறீர்கள்!

நீலம். இடது பக்கம். மேலே ஒரு சுருள் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். போதுமா?

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இல்லாத வீட்டுக்காரி

மார்ச் 16

அன்புள்ளவளுக்கு,

மூன்று வருஷமா? யாரைக் கேட்டு? சரி, அந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கோபமில்லை, குழப்பம்தான்.

நீ சொன்னபடி டார்ச் பல்புக்கு நீல மை பூசி இடது பக்கம் பொருத்திவிட்டேன். பேனாவுக்குள் இருந்த ஸ்பிரிங்தான் சுருள் கம்பி. பசையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டது. அந்தக் கையோடு ஒரு வக்கீலுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன். கண்ணாடி அவரிடம் போகாமல் என்னோடு வந்துவிட்டது!

கைப்பிடியில் ஏதாவது சுற்றியிருந்ததா?

கண்ணாடிக்கடைக்காரன்

மார்ச் 20

கறுப்பு டேப். ஏழு சுற்று.

கையெழுத்தைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

மார்ச் 24

அடியே,

தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. கருவியை முடித்துவிட்டேன், ஏழு சுற்றோடு. தம்பி நான் சொல்லியும் கேட்காமல் அந்தப் படத்தைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். "அண்ணே, இதுல விளக்கே இல்லையே" என்கிறான். சுருள் கம்பியும் இல்லை, டேப்பும் இல்லை. நாம் பார்த்தது வேறு படமா? உனக்கு மறந்துவிட்டதா? இல்லை, என்னை வைத்து விளையாடுகிறாயா? இடக்கண் பவரை வலக்கண்ணுக்குப் போட்டுக் கடையில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த வாரம் எனக்குத் தொடர்ந்து இரவு ஷிப்ட். தியேட்டரில் விளக்கு அணைந்ததுமே தூங்கிவிட்டேன். நீங்கள் பாட்டுக்கு எனக்குக் கதையை விளக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் தூக்கத்தில் "ம்" கொட்டியிருப்பேன். வெளியே வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்றீர்கள். நல்லா இருந்துச்சு என்றேன். பத்தொன்பது வருஷமாக எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

ஏன் போனாய் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். நான் விழித்திருக்கிறேனா என்றுகூட நீங்கள் பார்த்ததில்லை.

ஆனால் ஏழு சுற்று என்றால் ஏழு சுற்றா சுற்றுவீர்கள்? குழாய் ஒழுகுகிறது என்று நாலு வருஷம் தொண்டை கிழியச் சொன்னேன், காதில் ஏறவில்லை. எரிச்சலில் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன், அதைப் பிசகாமல் செய்து வைத்திருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுகையாக வந்தது. உங்களை நான் என்னதான் செய்வது?

மார்ச் 30

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. இடைவேளைக்கு அப்புறம் என்மேல். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை என்றால் நான் என்ன ஆள்?

அசல் மாதிரியே மாற்றித் தரட்டுமா என்று தம்பி கேட்டான். கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போடாதே என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. பிடித்திருந்தால் போடு. இது முப்பத்தொன்றுக்குள் உன் கைக்கு வருமோ தெரியாது; என் பதிலுக்குக் காத்திராமல் நீயே முடிவெடுத்திருந்தால் அதுவும் சரிதான்.

கண்ணாடிக்கடைக்காரன்

ஏப்ரல் 4

அன்புள்ள உங்களுக்கு,

பிடித்திருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னலில் நல்ல வெளிச்சம். "எத்தனை பேரு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். ரெண்டு பேரு என்று வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்காரர் எப்ப வர்றார்?" என்றார்.

"இன்னும் அவரைக் கேக்கலை" என்றேன்.

இப்போது கேட்கிறேன்.

இப்படிக்கு,
நான்தான்