முன்பக்கத்துப் புல்லில் விழுந்த சொட்டை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை.

முன்பக்கத்துப் புல் சொட்டையாக இருந்தால் வீட்டை விலைக்குக் கேட்டு வருகிறவன் வாசலோடு திரும்பிவிடுவான் என்று போனில் சொன்னாயே, நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். முதலில் காய்ந்த தரைமேலேயே விதையைத் தூவிவிட்டேன், குருவிகள் வந்து மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போயின. நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "தரையைக் கிளறாம போட்டா எப்படிம்மா பிடிக்கும்?" என்றார். அப்புறம் செத்த புல்லை வாரி எடுத்து, கல்லாய் இறுகிக் கிடந்த மண்ணைக் கொத்தி, மக்கிய எருவைக் கலந்து, விதை தூவி, பலகை போட்டு அழுத்தி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து என் இடுப்பே விட்டுப்போனது. மூன்று வாரம் ஒரு கால் படக் கூடாது என்றாயே, அதற்காக நாலு குச்சி நட்டுக் கயிறும் கட்டினேன்.

அந்த இடம் ஏன் சொட்டையானது என்று நீயும் கேட்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, விழுந்தாலும் அடிபடாது, இங்கே நடங்கள் என்று கால் பயிற்சி கொடுக்கிற பெண் காட்டிய இடமடா அது. படியிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து படி வரை, காலையில் இருபது நடை, மாலையில் இருபது நடை, வலது காலை இழுத்து இழுத்து ஏழு மாதம் அவர் நடந்து தேய்த்த தடம். கயிற்றைப் பார்த்ததும் மனிதர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சிமெண்ட்ல நடக்க பயமா இருக்கு, புல்லு வரட்டும், பையன் சொல்லியிருக்கான்ல" என்றார். நான் விதைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லீவில் போயிருந்த பயிற்சிப் பெண் நேற்றுதான் வந்தாள். அப்பாவின் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஏழு மாச உழைப்பும் போச்சேம்மா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று என்னைத்தான் பிடித்தாள். இப்போது அவர் எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. புல் மட்டும் பச்சைப் பசேலென்று வந்துவிட்டது, பார்க்கவே வயிறு எரிகிறது. நீ கேட்ட போட்டோவை அனுப்ப மாட்டேன். இன்று காலை தரகர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, "சூப்பர்ம்மா, ஒரு குறை சொல்ல முடியாது" என்று பல்லைக் காட்டினார். அவர் கண்ணெதிரிலேயே கயிற்றை அறுத்துப் போட்டேன், வீடு விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எங்களை மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டில் வைப்பதாகச் சொன்னாயே, அங்கே அப்பா எங்கே நடப்பார் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? கோபம் வந்தால் வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் கோபத்தைக் காட்டாதே, இரண்டு பேரும் நன்றாக இருங்கள். மறக்காமல் லீவு கேள். வந்து, அப்பாவின் கையை உன் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் புல்லில் நட. அது திரும்பவும் சொட்டையாகிற வரைக்கும் நட.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா