அரைக் கிண்ணம் டீ

பிப்ரவரி 12
வகுப்பில் பதினோரு பையன்கள், ஒன்பது பெண்கள், ஆறு கணினி. ஆறிலும் பையன்கள். கணினி ஆசிரியர் எசென் அகாய் வழக்கம்போல, "பொண்ணுங்க நோட்டுல எழுதுங்கம்மா, உங்க கையெழுத்து அழகு" என்றார். நாற்பது வரி நிரலை நோட்டில் எழுதினேன். அழகாகத்தான் இருக்கிறது. நோட்டில் எந்தப் பொத்தானை அமுக்கி ஓட்டுவது?

பிப்ரவரி 13
இன்றும் நோட்டு.

பிப்ரவரி 20
மார்ச் ஐந்தாம் தேதி தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள். பெண்பிள்ளைகளும் கணினி படிக்கிறார்களா என்று பார்ப்பார்களாம். கணினியில் செய்து காட்டுபவர்களில் ஒருவரை அங்கே நடக்கும் கணினி முகாமுக்கு எடுப்பார்களாம். எனக்குப் போகணும். போயே ஆகணும்!
அகாய் நேராக என்னிடம் வந்தார். "புருல், அன்னிக்கு நீ இல்லாம ஒண்ணும் நடக்காதும்மா."
எனக்கு வாயெல்லாம் பல்.
"டீ ஊத்த ஆள் வேணுமே."
சே!

பிப்ரவரி 21
கேட்டே விட்டேன். "நானும் கணினியில உக்காரணும் அகாய்."
"உன்னை மாதிரி அரைக் கிண்ணம் பார்த்து ஊத்த வேற யாருக்கு வருது? விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊத்தித் தொலைச்சா, 'குடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"
ஒழுங்காக டீ ஊற்றக் கற்றதே எனக்கு வினையாகிவிட்டது.

பிப்ரவரி 27
பையன்கள் பந்தாடப் போன இருபது நிமிடம் — கணினி எனக்கு! நோட்டில் எழுதி வைத்திருந்த, வகுப்பு வேலைக்கு முறை பிரிக்கும் நிரலை ஓட்டினேன். இந்த வருடம் யார் குறைவாகப் பெருக்கினார்களோ, டீ ஊற்றினார்களோ, அவர்கள் பெயர் முதலில். அகாய் பெயரையும் சேர்த்தேன். அவரும்தானே குடிக்கிறார்! மார்ச் ஐந்துக்கு வந்த பெயர் மிர்லான். முதல் கணினியை விட்டு எழுந்திருக்கவே மாட்டானே, அவன்தான்.
அச்சடித்துக் கதவில் ஒட்டினேன். அகாய் பூரித்துப்போனார். "பிரமாதம்! யார் எழுதினது, மிர்லானா?"
"ஆமா அகாய், தனக்குத்தானே டீ வேலை போட்டுக்கிட்டான்" என்றேன்.
வகுப்பே சிரித்தது. கணினி யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது என்று வருடம் முழுக்கச் சொன்னவர் அவர். இப்போது எந்த முகத்தோடு மாற்றுவார்?

மார்ச் 5
முதலில் டீ, அப்புறம் கணினி என்று ஏற்பாடு. நான் மிர்லானின் நாற்காலியில். அவன் பிறந்ததிலிருந்து டீயைக் குடித்தவன், ஊற்றியவன் இல்லை. விருந்தாளிக்குக் குறை வைக்கக் கூடாதென்று ஐந்து கிண்ணத்தையும் ததும்பத் ததும்ப நிரப்பி நீட்டினான்!
ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்தார்கள். கோட்டை மாட்டினார்கள். போச்சு, என் முகாம் போச்சு!
அகாய் ஓடிப்போய் வாசலை மறித்தார். "ஐயோ, உக்காருங்க! பையன் தெரியாம ஊத்திட்டான்."
"இவனை ஊத்தச் சொன்னது யாரு?" என்றார் வந்தவர்களுக்குத் தலைவியான அம்மா.
"கணினிதாங்க."
"கணினிக்குச் சொன்னது?"
பத்தொன்பது விரல்களும் என் பக்கம் நீண்டன. அந்த அம்மா கோட்டைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க, ஓட்டிக் காட்டு."
ஓடியது.

மார்ச் 6
கதவில் ஒட்டிய தாளை அகாய் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 3, பிஷ்கெக்
முகாமில் ஆளுக்கொரு கணினி. மதியம் மிர்லானிடமிருந்து செய்தி: "இன்னிக்கு டீ ஊத்த அகாய் முறை. அரைக் கிண்ணம்னா எதுவரைக்கும்னு கேக்குறார். சீக்கிரம் சொல்லு, விருந்தாளிங்க கோட்டைக் கையில எடுத்துட்டாங்க."
நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியட்டும், சொல்கிறேன்.